விசுவாசம் என்னும் சொல்: டாம் ஃபின்னியை முன்வைத்து

விளையாட்டு வரலாற்றில் சில சொற்கள் ஆராயப்படாமலே நிலைத்துவிடுகின்றன. 'விசுவாசம்' அவற்றுள் ஒன்று. ஆங்கிலேயக் கால்பந்தில் அச்சொல்லுக்கு இலக்கணமாகக் காட்டப்படுபவர் டாம் ஃபின்னி.

பருத்தி ஆலைகளால் வளர்ந்த பிரெஸ்டன் நகரில் 1922-இல் பிறந்தார். சிறுவனாக இருக்கையில் உள்ளூர்க் கழகமான பிரெஸ்டன் நார்த் எண்ட் அவரை அழைத்தது. தந்தையோ, முதலில் பிளம்பர் தொழிலைக் கற்று முடிக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். கால்பந்து வயிற்றுக்குச் சோறிடும் என்று அன்றைய உழைப்பாளிக் குடும்பங்கள் நம்பவில்லை. பின்னர் உலகப்போர் குறுக்கிட்டது. எகிப்திலும் இத்தாலியிலும் எட்டாம் படையில் பணியாற்றித் திரும்பிய ஃபின்னி, லீக் ஆட்டத்தில் முதன்முதலாக இறங்கியபோது வயது 24.

அதன்பின் 1960 வரை பிரெஸ்டனுக்காக 433 லீக் ஆட்டங்கள், 187 கோல்கள். இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்கள், 30 கோல்கள். இடது, வலது எனும் இரு ஓரங்களிலும், பிற்காலத்தில் நடுமுன்னணியிலும் ஆடினார். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராக 1954-லும் 1957-லும் தேர்வு பெற்றார். ஆயினும் முதல் டிவிஷன் பட்டமோ எஃப்.ஏ. கோப்பையோ அவர் கைக்கு எட்டவில்லை. 1953-இல் புள்ளிகள் சமமாயிருந்தும், கோல் விகிதத்தில் ஆர்சனலிடம் பட்டத்தைப் பறிகொடுத்தது பிரெஸ்டன். மறு ஆண்டு கோப்பை இறுதியாட்டத்திலும் தோல்வியே. இத்தனைக்கும் நடுவே பிளம்பர் தொழிலையும் அவர் கைவிடவில்லை.

1952-இல் சிசிலியின் பாலெர்மோ கழகம் அவரைக் கேட்டது. முன்பணம் பத்தாயிரம் பவுண்டு, மாதம் 130 பவுண்டு, கடலோர நாட்டில் ஒரு மாளிகை, கார். அப்போது இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராயினும் வாரம் 14 பவுண்டுக்கு மேல் ஊதியம் பெற இயலாது, உச்சவரம்பு இருந்தது. பிரெஸ்டன் நிர்வாகம் மறுத்துவிட்டது. ஒப்பந்தம் முடிந்த பின்னரும் ஆட்டக்காரரின் பதிவைக் கழகமே வைத்துக்கொள்ளலாம் என்பது அன்றைய விதி. கழகம் விடுவிக்காவிட்டால் வேறெங்கும் ஆட முடியாது. ஃபின்னி பேசாமல் பிரெஸ்டனுக்கே திரும்பினார்.

இதைத்தான் நாம் விசுவாசம் என்கிறோம். பூட்டிய வீட்டினுள் இருந்தவரை, வெளியே போகாதவர் என்று புகழ்வது எவ்வளவு பொருந்தும்? கதவு திறந்திருந்தாலும் ஃபின்னி ஊரைவிட்டுப் போகாமலே இருந்திருக்கலாம். அவ்வூரின்மேல் அவருக்கிருந்த பற்று பொய்யன்று. ஆனால் அப்பற்றைத் தம் விருப்பத்தால் மெய்ப்பிக்கும் வாய்ப்பையே அந்த விதி அவரிடமிருந்து பறித்துக்கொண்டது. இழந்த பணத்தைவிட இது பெரிய இழப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் ஓய்வு பெற்ற மறு ஆண்டே, 1961 ஜனவரியில், ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் போராடி ஊதிய உச்சவரம்பை ஒழித்தது. ஜார்ஜ் ஈஸ்டம் தொடுத்த வழக்கில், 1963-இல் உயர்நீதிமன்றம் பதிவு விதியையும் நியாயமற்ற தடை என்றது. இரண்டும் ஃபின்னிக்குக் காலங்கடந்து வந்தவை.

1998-இல் 'சர்' பட்டம் பெற்ற அவர் 2014-இல் மறைந்தார். பிரெஸ்டனின் டீப்டேல் மைதானத்துக்கு வெளியே, தேங்கிய மழைநீரைச் சிதறடித்துச் சறுக்கும் கோலத்தில் அவர் சிலை இருக்கிறது. அதன்முன் நின்று அவர் பற்றைப் போற்றுவோர், அவருக்கு மறுக்கப்பட்ட தேர்வையும் ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம்.