ஆட்டிசம்: சிறு வயதுப் பயிற்சியின் பலன் நிலைக்குமா? ஆய்வுகள் கூறுவது என்ன?

கோலார் தங்கவயல்: சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்ட பிறகு, மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலில் வேலைக்குச் சென்று திரும்புவோர் ஏராளம். இத்தகைய குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் இருப்பது தெரியவந்தால் இரண்டு கேள்விகள் எழுகின்றன: பயிற்சிக்காகப் பெருநகரம் வரை அலைய வேண்டுமா? அதன் பலன் நிலைக்குமா?

தொடக்க ஆய்வு

அமெரிக்க உளவியலாளர் இவார் லோவாஸ் 1987-இல் வெளியிட்ட ஆய்வே இத்துறையில் பெரிதும் பேசப்பட்டது. வாரத்துக்கு 40 மணி நேரம் நடத்தைப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் வழக்கமான பள்ளியில் முதல் வகுப்பை முடித்தனர். ஒப்பீட்டுக்கான 40 குழந்தைகளில் ஒருவரே அந்நிலையை எட்டினார். அந்த 9 பேரில் 8 பேர் முன்னேற்றத்தைத் தக்கவைத்திருந்ததாக 1993-இல் தெரிவிக்கப்பட்டது.

எனினும், குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. தண்டனை முறைகளும் கையாளப்பட்டன. இவை கடும் விமர்சனத்துக்கு உள்ளாயின. தீவிரப் பயிற்சி குறித்த 5 ஆய்வுகளை 2018-இல் பரிசீலித்த காக்ரேன் அமைப்பு, பலன் உண்டு என்பதற்கான சான்றுகள் வலுவற்றவை என மதிப்பிட்டது.

பெற்றோர் வழிப் பயிற்சி

குழந்தையின் சைகைகளைக் கவனித்து அதற்கேற்பப் பதிலளிக்கப் பெற்றோருக்குக் கற்றுத்தரும் முறை பிரிட்டனில் ஆராயப்பட்டது. பயிற்சி முடிந்து சுமார் 6 ஆண்டுகளுக்குப் பின் 121 குழந்தைகள் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். பயிற்சி பெற்ற குழுவில் தீவிர அறிகுறிகள் கொண்டோர் 55 சதவீதத்திலிருந்து 46 ஆகக் குறைந்தனர். மற்ற குழுவில் 50 சதவீதத்திலிருந்து 63 ஆக உயர்ந்தனர். ஆனால், பதற்றம் போன்ற சிக்கல்களில் வேறுபாடு காணப்படவில்லை. இம்முடிவுகள் 2016-இல் லான்செட் இதழில் வெளியாயின.

இதே முறை கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. வல்லுநர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்களே பெற்றோருக்கு வழிகாட்டினர். குழந்தைகள் தாமாகப் பெற்றோருடன் தொடர்பு கொள்வது அதிகரித்தது. மருத்துவ வசதி குறைந்த ஊர்களிலும் இம்முறை சாத்தியம் என்பதையே இது காட்டுகிறது.

பெற்றோர் கவனத்துக்கு

ஆட்டிசத்தை முற்றிலும் நீக்கும் மருந்தோ பயிற்சியோ இல்லை. பேச்சு, தொடர்பு, அன்றாடத் திறன்கள் ஆகியவற்றை வளர்ப்பதே பயிற்சியின் நோக்கம். பலன் குழந்தைக்குக் குழந்தை மாறுபடும்.

ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாதது, ஒன்றரை வயதில் விரும்பியதைச் சுட்டிக்காட்டாதது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். 2013-இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகள் பரிசோதிக்கப்படுகின்றனர். பெங்களூரு நிம்ஹான்ஸ், மைசூரு அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் ஆகியவற்றிலும் ஆலோசனை பெறலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஆட்டிசத்தையும் அங்கீகரித்துள்ளது. தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீடு, ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது.