நோயைத் தாங்கிய மண்

கோதுமையின் வேரைக் கருக்கி, அடித்தண்டில் பளபளக்கும் கரிய படலம் பூசி, பால் பிடிக்க வேண்டிய பருவத்தில் கதிரை வெளுத்த சாவியாக நிறுத்திவிடும் பூஞ்சை ரோகத்துக்குத் தென் ஆஸ்திரேலியக் குடியானவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே 'டேக்-ஆல்' என்று பெயரிட்டிருந்தார்கள். நோய் கண்ட பயிரைப் பிடித்து இழுத்தால், வேரற்றுப்போன அது சிரமமின்றிக் கையோடு வந்துவிடும். இதற்குச் சாஸ்திரமும் அனுபவமும் ஒருமுகமாகச் சொன்ன பரிகாரம், ஓராண்டு கோதுமையை விட்டு வேறு பயிர் செய்வது என்பதுதான்.

கனடாவில் ஆராய்ச்சி செய்த சான்ஃபோர்டும் பிராட்ஃபுட்டும், மண்ணிலுள்ள பிற பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் இந்நோய்ப் பூஞ்சையோடு சேர்த்து வைத்துப் பார்த்து, அவற்றுள் சில அதன் உக்கிரத்தைத் தணிக்கின்றன என்று 1931-இல் வெளியிட்டனர். இதே ரோகத்தை ஆராய்வதில் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்ட காரெட் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் நிலையத்தில் பணியாற்றிய நாளில், அங்கே கோதுமை வைக்கோலை மண்ணில் மக்கச் செய்யும் பூஞ்சைகளின் வரிசைக்கிரமத்தை ஆராய்ந்தவர் டி. எஸ். சதாசிவன். பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் தலைமையை ஏற்று, பருத்தி வாடல் முதலான மண்வழி நோய்களுக்கென ஓர் ஆராய்ச்சிப் பரம்பரையையே உண்டாக்கிய பெருமையும் அவருக்கே உரியது.

ஆனால் என் மனத்தை மிகவும் கவர்ந்தது, பரிகாரத்தைக் கைக்கொள்ளாத வயல்களின் சரித்திரம். ஒரே நிலத்தில் வருஷந்தோறும் கோதுமையே விதைத்து வந்த இடங்களில், நோய் முதற் சில ஆண்டுகள் பயங்கரமாக ஏறி, பின்னர் மருந்தேதும் இல்லாமல் தானாகவே இறங்கியது. கடலிலிருந்து மீட்ட புது நிலங்களிலும் இந்த இறக்கம் நேர்வதை 1968-இல் டச்சு நாட்டு கெர்லாக் விவரித்தார். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் குக்கும் அவருடைய சகாக்களும், நெடுங்காலம் கோதுமை கண்ட வயலின் மண்ணைச் சிறிதளவே எடுத்து, நச்சுப்புகையிட்டு உயிரினங்களை நீக்கிய பாத்திகளில் கலந்தபோது அங்கும் நோய் அடங்கியது. அதே மண்ணை ஈரத்துடன் 60 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம் சூடாக்கினாலோ அந்தச் சக்தி மறைந்துபோயிற்று. ஆகவே காவல் புரிந்தது உரமன்று, உப்பன்று, உயிருள்ள ஏதோ ஒன்று. நோயுற்ற வேர்களிலேயே பெருகிய அந்தக் காவல், இடையில் வேறு பயிர் செய்தால் குன்றிவிடும் என்பது இன்னும் விசித்திரம்.

அவ்வாறு வேரில் குடிகொண்டவற்றுள் முக்கியமானவை, புற ஊதா ஒளியில் பசுமையாக மினுங்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாக்கள். 1983-இல் வெல்லரும் குக்கும் அவற்றை விதையிலேயே பூசி விதைத்து நோயைக் குறைத்துக் காட்டினர். அவற்றுள் ஒருவகை பினசின் என்ற பொருளைச் சுரந்தே பூஞ்சையை அடக்குகிறது என்பதையும், சுரக்கும் திறனை இழந்தபோது அதன் காக்கும் சக்தி வெகுவாகக் குறைகிறது என்பதையும் தாமஷோவும் வெல்லரும் 1988-இல் நிரூபித்தனர். அந்தச் சூடோமோனாஸ் இனத்தையே டால்க் தூளில் கலந்து, நெல் விதை கிலோவுக்கு 10 கிராம் வீதம் சேர்த்து இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, முளைகட்டி நாற்றங்காலில் விதைக்கும்படி கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் நம் உழவர்களுக்குச் சொல்லிவருகிறது.