அப்பியா வழியில் ஒரு நிலவறை

நிலத்தைக் குடைந்து அமைக்கப்பட்ட உரோமக் கல்லறைத் தொகுதிகள் யாவற்றுக்கும் இன்று ‘கட்டகோம்’ என்னும் பெயர் வழங்குகின்றது. ஆதியில் அது ஓரிடத்தின் பெயர் மாத்திரமே. உரோமாபுரியின் மதிலுக்குப் புறத்தே, அப்பியா வழியோரத்தில், கல்லகழ்ந்த குழிகள் நிறைந்த ஒரு நிலப்பகுதியைப் ‘பள்ளங்களின் அருகே’ எனப் பொருள்படும் கிரேக்கத் தொடரால் குறித்தனர் என்பர். அவ்விடத்திலேயே புனித செபஸ்தியார் ஆலயம் நிற்கின்றது.

இங்கு வரும் உல்லாசப் பயணிகள் மேலுள்ள ஆலயத்தில் அதிக நேரம் தரிப்பதில்லை. அது 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் போர்கேசே கருதினால் புதுப்பித்த கட்டடம். அம்பு தைத்த செபஸ்தியாரின் சலவைக்கல் உருவமும், பெர்னினியின் இறுதிப் படைப்பென 2001 இல் இனங்காணப்பட்ட கிறிஸ்துவின் மார்புருவமும் அங்குள்ளன. ஆனால், வந்தோரின் நாட்டமெல்லாம் நிலவறையிலேயே. வழிகாட்டியின் பின்னே படியிறங்கும்போதே அவர்கள் மனத்தில் ஒரு சித்திரம் உண்டு: வேதகலாபனைக்கு அஞ்சிய கிறிஸ்தவர் ஒளிந்து வாழ்ந்த இரகசிய உறைவிடம் அது என்பதே அச்சித்திரம். வைஸ்மன் கருதினாலின் ‘பபியோலா’ (1854) போன்ற நாவல்கள் அதனை உலகெங்கும் பரப்பின.

சான்றுகள் இதற்கு மாறானவை. நகர எல்லைக்குள் பிணத்தைப் புதைத்தலும் எரித்தலும் ஆகாவென்பது பழைய பன்னிரு பலகைச் சட்டம். ஆகவே புறமத்தவரும் யூதரும் கிறிஸ்தவரும் ஒருங்கே பெருவழிகளின் ஓரங்களை நாடினர். அங்குள்ள எரிமலைத் துகட்பாறை அகழ்வதற்கு மென்மையானது, காற்றுப்பட இறுகுவது. நிலத்தின் விலையை நோக்கின் கீழ்நோக்கி அகழ்வதே சிக்கனம். இம்மயானங்கள் அரசு அறியாதவையுமல்ல. 257 இல் வலேரியன் கிறிஸ்தவர் தம் மயானங்களுட் புகுதலைத் தடைசெய்தான்; அடுத்த ஆண்டு பாப்பரசர் இரண்டாம் சிக்ஸ்துஸ் ஒரு மயானத்திலேயே கொல்லப்பட்டார்; பின்னர் கல்லியெனுஸ் அவற்றை மீள ஒப்படைத்தான். அரசன் கட்டளையிட்டு மூடவும் திறக்கவும் கூடிய இடத்தை ஒளிப்பிடம் என்பது எங்ஙனம் பொருந்தும்? அன்றியும், கலாபனை ஓய்ந்த 4 ஆம் நூற்றாண்டிலேயே இச்சுரங்கங்கள் பெரிதும் விரிவடைந்தன. பிணங்கள் அடுக்கடுக்காய் வைக்கப்பட்ட ஒடுங்கிய வழிகளில் உயிருள்ளோர் குடியிருத்தல் எளிதன்று என்பதை ஒருமுறை இறங்கியவர் எவரும் உணர்வர்.

செபஸ்தியார் நிலவறையின் உண்மைச் செல்வம் வேறிடத்தே உள்ளது. 3 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பழைய குழி மண்ணிட்டு நிரப்பப்பட்டு, அதன்மேல் இருக்கைகளுடன் கூடிய ஒரு முற்றம் அமைக்கப்பட்டது. இறந்தோரை நினைந்து விருந்துண்ணும் இடம் அது. அதன் சுண்ணச்சுவரில் இலத்தீனிலும் கிரேக்கத்திலும் 600 க்கு மேற்பட்ட கீறல் எழுத்துக்கள் உள்ளன. இராயப்பரையும் சின்னப்பரையும் விளிப்பவை அவை. விக்டர் என்பவனுக்காக மன்றாடும்படி ஒரு கை வேண்டுகின்றது. தான் விருந்தளித்ததாக மற்றொரு கை பதிகின்றது. எழுத்துப் பிழைகளும் உண்டு. அக்காலக் கிறிஸ்தவரைப் பற்றி ஆயர்களும் அரசாணைகளும் கூறுவதை நாம் நிறையவே அறிவோம்; சாதாரண விசுவாசி தன் கையால் எழுதியது இத்துணை செறிவாகக் கிட்டுவது அரிது.

பழைய திருநாட்குறிப்பொன்று, 258 ஆம் ஆண்டைச் சுட்டி, யூன் 29 இல் இராயப்பர் இவ்விடத்தே நினைவுகூரப்பட்டதாகக் கூறுகின்றது. அப்போஸ்தலரின் எச்சங்கள் சிறிதுகாலம் இங்கு மறைத்து வைக்கப்பட்டனவோ என்பது அறிஞர்களிடையே நீண்ட விவாதம். அகழ்வில் அவர்தம் கல்லறை எதுவும் வெளிப்படவில்லை. எச்சம் இருந்ததோ இல்லையோ, மக்கள் இங்கு வந்து வேண்டினர் என்பதற்குச் சுவரே சாட்சி.

4 ஆம் நூற்றாண்டிற் பேராலயம் எழுந்தபோது முற்றத்தை இடித்து, மண்ணிட்டு, அதன்மேலேயே தளம் பரப்பினர். புதைக்கப்பட்டதனாலேயே அச்சுவர் எஞ்சியது. காலப்போக்கில் ஏனைய நிலவறைகள் மறக்கப்பட, இங்கு மட்டும் யாத்திரிகர் வருகை முற்றாக ஓயவில்லை. ‘கட்டகோம்’ என்னும் பெயர் பொதுப்பெயராக விரிந்ததும் இதனாலேயே. ஆயினும் அந்த யாத்திரிகர் எவரும் தம் காலடியில் இருந்த அவ்வெழுத்துக்களைக் கண்டதில்லை. 1915 இல் ஆலயத் தளத்தை அகழ்ந்தபோதே அவை மீண்டும் ஒளி கண்டன.