ஓட்டிலே கீறிய பெயர்



சரித்திரப் பாடத்தில் களிமண் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பானையைப் படிக்க மண்ணில் கை வைக்க வேண்டாமா?

ஏதென்சு நகரத்துக் குயவர்கள் 2,500 ஆண்டுகளுக்கு முன்பே கறுப்பும் சிவப்புமாய்ச் சாடிகள் செய்தார்கள். அந்தக் கறுப்பு சாயமல்ல. நைசான மண்குழம்பைப் பூசி, சூளையில் காற்றை அடைத்தும் திறந்தும் வருவித்த நிறம். நம்மவர் மட்டும் சளைத்தவரா? மதுரைக்குப் பக்கத்துக் கீழடியில், 2015-இல் தொடங்கிய அகழாய்வில், உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடுகள் கிடைத்தன. அதுவும் நெருப்பின் வேலைதான். சில ஓடுகளில் ஆதன் என்பது போன்ற பெயர்களும் கீறியிருக்கின்றன. அரண்மனைப் பட்டயமல்ல, புழங்கிய சட்டிபானை!

சிங்கப்பூரிலேயே, ஜூரோங் பக்கம் லோரோங் தாவாஸில், 1940-இல் கட்டிய நீண்ட விறகுச் சூளை ஒன்று உண்டு. தௌ குவாங் டிராகன் சூளை என்பார்கள். இம்மாதிரிச் சூளைகளில்தான் அந்நாளில் ரப்பர்த் தோட்டத்து மங்குகளைச் சுட்டார்கள். நம் பாட்டன் பாட்டி பால் எடுத்த மங்கும் சரித்திரமே. வீட்டில் ஒன்று கிடந்தால் எறிந்துவிடாதீர்கள், பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள்.

தேக்காவில் பொங்கலுக்கு வாங்கிய பானை உடைந்தால் ஓட்டையும் ஓர் ஆணியையும் பிள்ளையிடம் கொடுங்கள். இன்றைய 'ழ'வைக் கீற எத்தனை பாடு, பெரும்பாலும் நேர்கோடாயிருந்த பழைய தமிழி எழுத்தைக் கீற எத்தனை சுலபம் என்பதைக் கையே சொல்லிவிடும்.