துடைப்பம் ஏந்திய கைகள்: தூய்மைப் பணியின் வரலாற்றிலிருந்து சில பாடங்கள்

மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கி வந்த கறுப்பினப் பெண்மணி ஒருவர் இருந்தார். சில நாள்களாக அவரைக் காணாததால் நபியவர்கள் விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டார், அடக்கமும் முடிந்துவிட்டது என்றனர் தோழர்கள். அவருடைய மரணத்தைப் பெரிய செய்தியாக அவர்கள் எண்ணவில்லை. தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்ட நபியவர்கள், கப்ரைக் காட்டச் சொல்லி, அங்குச் சென்று அவருக்காகத் தொழுதார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. அவர் ஆணா, பெண்ணா என்பதிலேயே அறிவிப்பாளருக்கு ஐயம் இருந்ததும் அதே பதிவில் தெரிகிறது.

தூய்மை செய்வோரை உலகம் எவ்வளவு எளிதாக மறந்துவிடுகிறது என்பதற்கு அந்த ஐயமே சான்று. அந்த மறதி மனிதகுலத்துக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரு மருத்துவமனைகள் நமக்குக் காட்டுகின்றன.

முதலாவது, வியன்னா நகரின் பொது மருத்துவமனை. அங்கிருந்த இரண்டு பேறுகாலப் பிரிவுகளுள், மருத்துவ மாணவர்கள் பயின்ற பிரிவில் தாய்மார்கள் காய்ச்சல் கண்டு அதிக அளவில் மாண்டனர். 1847 ஏப்ரலில் அப்பிரிவின் இறப்பு விகிதம் 18 விழுக்காட்டைத் தாண்டியது. அங்குப் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். பிணங்களை அறுத்து ஆராய்ந்த கைகளோடு மாணவர்கள் தாய்மார்களைப் பரிசோதித்தனர். சவர்க்காரம் இட்டுக் கழுவிய பின்னும் அக்கைகளில் பிணவாடை நீங்கவில்லை. எனவே குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகளைக் கழுவ வேண்டும் என மே மாதத்தில் அவர் ஆணையிட்டார். ஜூன் மாதத்தில் இறப்பு 2 விழுக்காட்டளவுக்கு இறங்கியது.

கண்ணுக்குத் தெரியும் அழுக்கை அகற்றுவது வேறு, கண்ணுக்குத் தெரியாத நோய்க்கூறை அழிப்பது வேறு என்னும் உண்மை இங்கு வெளிப்பட்டது. ஆயினும் பல மருத்துவர்கள் அதை ஏற்கவில்லை. தம் கைகளே நோயைச் சுமக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள அவர்களின் பெருமை இடந்தரவில்லை.

இரண்டாவது, இஸ்தான்பூலின் உஸ்குதார் பகுதியில் உள்ள செலிமிய்யே படைவீடு. கிரிமியப் போரின்போது உதுமானிய அரசு அதைத் தன் நேச நாடான பிரிட்டனுக்கு மருத்துவமனையாகக் கொடுத்திருந்தது. 1854 நவம்பரில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் செவிலியரோடு அங்கு வந்தார். உணவும் துணியும் பராமரிப்பும் சீர்பட்டன. ஆனால் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் நோயாளிகளில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர்.

மார்ச் மாதத்தில் பிரிட்டன் அனுப்பிய சுகாதார ஆணைக்குழு வந்து சேர்ந்தது. லிவர்பூல் நகரசபையில் துப்புரவுப் பணியை மேற்பார்த்த அனுபவசாலிகளையும் அது அழைத்து வந்திருந்தது. கட்டடத்தின் அடியில் சாக்கடைகள் அடைபட்டு நாறிக்கொண்டிருந்தன. குடிநீர் வரும் வழியில் செத்த குதிரை கிடந்தது. கழிவுகளும் விலங்குகளின் உடல்களும் வண்டி வண்டியாக அகற்றப்பட்டன. சாக்கடைகள் நீர் பாய்ச்சிக் கழுவப்பட்டன. சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டு, காற்றோட்டத்துக்கு வழி திறக்கப்பட்டது. ஜூன் மாதத்துக்குள் இறப்பு நூற்றுக்கு 2 என்ற அளவுக்கு வந்தது. போர் முடிந்த பின் நைட்டிங்கேல் அம்மையார் இக்கணக்குகளை ஆராய்ந்து, புண்களைவிட அசுத்தமே பெரும்பாலான வீரர்களைக் கொன்றது என்பதை 1858இல் வரைபடங்களாக்கி வெளியிட்டார்.

விளக்கேந்திய சீமாட்டியை உலகம் அறியும். சாக்கடைக்குள் இறங்கி அடைப்பை நீக்கிய தொழிலாளர்களின் பெயரை யார் அறிவார்?

இன்று இப்பணி தனியொரு துறையாக வளர்ந்து, தனக்கென விதிகளை வகுத்துக்கொண்டுள்ளது. அவற்றுள் முதன்மையானவை நம் பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் வீட்டுக்கும் பொருந்தும்.

முதலில் அழுக்கை நீக்க வேண்டும். பிறகே கிருமிநாசினி இட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய மருந்து தன் வலிமையை இழந்துவிடும். மேலிருந்து கீழாகவும், சுத்தமான இடத்திலிருந்து அசுத்தமான இடம் நோக்கியும் துடைக்க வேண்டும். கழிப்பிடத்தைத் துடைத்த துணி உளூச் செய்யும் இடத்துக்கு வரக் கூடாது. இதற்காகவே இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் கழிப்பிடத்துக்குச் சிவப்பு, சமையலறைக்குப் பச்சை எனத் துணிகளுக்கு நிறம் பிரித்துள்ளனர்.

மருந்துக்கு அளவும் நேரமும் உண்டு. 2020இல் கொரோனா பரவியபோது, தரை முதலான பரப்புகளுக்கு 0.1 விழுக்காடு குளோரின் கரைசலை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. கடையில் வாங்கும் திரவம் 5 விழுக்காடு செறிவுள்ளதாயின், அதில் 1 பங்குக்கு 49 பங்கு நீர் சேர்த்தால் அந்த அளவு கிடைக்கும். இட்டவுடன் துடைத்துவிடாமல், உறையில் குறிப்பிட்ட நேரம்வரை பரப்பு ஈரமாயிருக்க விட வேண்டும். பிளீச்சிங் திரவத்தோடு கழிப்பறை ஆசிட்டை ஒருபோதும் கலக்கலாகாது. அதிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

இந்த எச்சரிக்கை யாருக்கு மிகவும் தேவை? கையுறையின்றி, மூடிய கழிப்பறைக்குள் நின்று அதைத் தேய்க்கும் பணியாளருக்கே. அவருக்குக் கையுறையும் காலணியும் வாங்கித் தருவதும், முறையைக் கற்றுத் தருவதும், உரிய ஊதியத்தைக் காலத்தில் கொடுப்பதும் ஜமாஅத்தின் கடமை. தூய்மை ஈமானோடு தொடர்புடையது என்று மேடைகளில் முழங்கும் நாம், அந்தத் தூய்மையைத் தம் உடலுழைப்பால் நமக்குத் தருபவரின் பெயரையாவது அறிந்திருக்கிறோமா?

அடுத்த ஜும்ஆவுக்குச் செல்லும்போது அவரிடம் ஸலாம் கூறிப் பெயரைக் கேட்போம். அவர் ஒருநாள் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று விசாரிப்போம். அண்ணலார் (ஸல்) அவர்கள் அன்று விசாரித்தார்கள் அல்லவா?