துவக்கை வைத்துவிட்டுச் சட்டம் படித்தவர்கள்

இராணுவத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர்கள் என்றதும் நமக்குச் சட்டென்று ஞாபகம் வருவது, சீருடையோடே ஆட்சிக் கதிரையில் ஏறிய ஜெனரல்கள்தான். ஐயூப் கான், சுஹார்த்தோ என்று அந்தப் பட்டியல் நீளும். ஆனால் துவக்கைக் கீழே வைத்துவிட்டு, சட்டக் கல்லூரிக்குப் போய்ப் படித்து, வீடு வீடாக வாக்குக் கேட்டு வந்த இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்களுள் ஹவாய்த் தீவுகளின் ஜப்பானிய வம்சாவளிப் படைவீரர்களின் வரலாறு, சிறுபான்மையினர் எவரும் ஊன்றிப் படிக்க வேண்டிய ஒன்று.

1941 டிசம்பர் 7ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கின. அப்போது ஹவாயின் சனத்தொகையில் மூன்றிலொரு பங்குக்கும் அதிகமானோர் ஜப்பானிய வம்சாவளியினர். கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். ஹொனலூலுவில் பிறந்த டேனியல் இனூயேக்கு அன்று வயது பதினேழு. காயப்பட்டவர்களுக்கு முதலுதவி செய்ய ஓடியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் குண்டு போட்டவனின் முகமும் மருந்து கட்டியவனின் முகமும் ஒன்றாக இருந்துவிட்டதே! அது போதுமாக இருந்தது. 1942இல் இந்த இளைஞர்கள், பிறப்பால் அமெரிக்கப் பிரஜைகளாக இருந்தும், 'எதிரி நாட்டு அந்நியர்' என்று படைச்சேவைக்கு ஆகாதவர்களாக வகைப்படுத்தப்பட்டனர்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் நிலைமை இதைவிட மோசம். 1942 பெப்ரவரி 19இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒப்பமிட்ட 9066ஆம் இலக்க ஆணையின் விளைவாகச் சுமார் 1,20,000 பேர் பத்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பிரஜைகள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணையும் இல்லை. அந்த வெளியேற்றத்தை எதிர்த்து ஃபிரெட் கொரமட்சு என்ற இளைஞர் நீதிமன்றம் போனார். 1944இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அரசாங்கத்தின் பக்கமே நின்றது.

1943இல் இராணுவம் மனம் மாறியது. ஹவாயில் 1,500 தொண்டர்கள் கேட்டார்கள். ஏறக்குறைய 10,000 பேர் முன்வந்தார்கள். தாய் தகப்பனை முட்கம்பிக்குள் விட்டுவிட்டு முகாம்களிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். இவர்களைக் கொண்டே 442ஆவது படைப்பிரிவு அமைந்தது. 1944 ஒக்டோபரில் பிரான்ஸின் வோஜ் மலைக்காட்டில் ஜெர்மனியர் சுற்றிவளைத்த டெக்சாஸ் படையணியின் 211 பேரை மீட்கப்போய், சுமார் 800 பேரை மரணத்துக்கும் காயத்துக்கும் கொடுத்தது அந்தப் பிரிவு. 1945 ஏப்ரல் 21இல் இத்தாலியில் நடந்த சண்டையில் இனூயேயின் வலது கை சிதைந்தது. அந்தக் கையில் பிடித்திருந்த கைக்குண்டை இடது கையால் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் அவர் விழுந்தார்.

மிச்சிகன் மாநிலத்தின் பெட்டில் கிரீக் இராணுவ வைத்தியசாலையில் அவருக்கு ஒரு கன்சாஸ்காரர் அறிமுகமானார். பெயர் பொப் டோல். அவருக்கும் இத்தாலியில்தான் காயம். அவருடைய வலது கையும் செயலிழந்திருந்தது. இருவரும் வைத்தியராகும் கனவோடு இருந்தவர்கள். கை போனதும் கனவும் போனது. பிறகு இருவரும் சட்டம் படித்தார்கள், அரச தரப்பு வழக்கறிஞர்களானார்கள், எதிரெதிர்க் கட்சிகளில் செனட்டர்களுமானார்கள். அதே வைத்தியசாலையில் இருந்த இன்னொரு சட்டத்தரணியான பிலிப் ஹார்ட்டும் செனட்டரானார். அந்தக் கட்டடத்துக்கு இன்று இம்மூவரின் பெயரும் சூட்டப்பட்டிருக்கிறது.

இது வெறும் தற்செயல் அல்ல. 1944இல் நிறைவேறிய படைவீரர் மீள்குடியமர்வுச் சட்டம், திரும்பி வந்தவர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கச் செய்தது. பல்கலைக்கழகத்தைக் கனவிலும் காணாத ஏழை வீட்டுப் பிள்ளைகள் பட்டதாரிகளானார்கள். கறுப்பின வீரர்களுக்கு, குறிப்பாகத் தென் மாநிலங்களில், உள்ளூர் அதிகாரிகள் அந்தக் கதவை அடைத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஹவாயில் அந்தக் கதவு திறந்தது. நூறாவது படையணியில் இருந்து இரண்டு முறை காயப்பட்ட ஸ்பார்க் மட்சுனாகா ஹார்வர்டில் சட்டம் படித்தார். இனூயே வாஷிங்டன் நகரில் படித்தார். 1954 தேர்தலில், சீனித் தோட்டக் கம்பனிகளின் செல்வாக்கில் காலங்காலமாக இருந்த சட்டசபையை இந்த முன்னாள் வீரர்களின் அணி கைப்பற்றியது. 1959இல் ஹவாய் மாநிலமானதும் அதன் முதலாவது பிரதிநிதியாக இனூயே கொங்கிரஸுக்குப் போனார்.

இதைக் கேட்டால், 'இரத்தம் கொடுத்தார்கள், மரியாதை கிடைத்தது' என்று முடித்துவிடத் தோன்றும். அப்படி இல்லை. பதக்கங்களோடும் கைக்குப் பதிலாக மாட்டிய கொக்கியோடும் ஊர் திரும்பும் வழியில், சான் பிரான்சிஸ்கோப் பக்கத்துச் சலூன் ஒன்றில் 'ஜப்பான்காரனுக்கு முடி வெட்டமாட்டோம்' என்று திருப்பி அனுப்பப்பட்டதை இனூயே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த நாட்டின் அதியுயர் வீரப் பதக்கம் அவருக்கு வந்து சேர்ந்ததே 2000ஆம் ஆண்டில்தான், ஐம்பத்தைந்து வருடம் கழித்து.

அவர்கள் சட்டத்தை வைத்துச் செய்த காரியம் இதைவிடப் பெரிது. முகாம்களில் அடைக்கப்பட்டோருக்கு நீதி கேட்டு இயக்கம் எழுந்தபோது, முதலில் நட்டஈடு கேட்காதீர்கள், விசாரணை ஆணைக்குழு கேளுங்கள் என்றார் இனூயே. சாட்சியத்தை முன்வைக்காமல் தீர்ப்புக் கேட்கக்கூடாது என்ற சட்டத்தரணியின் புத்தி அது. 1980இல் ஆணைக்குழு அமைந்தது. 750க்கும் மேற்பட்டோர் சாட்சியமளித்தனர். இராணுவத் தேவை எதுவும் இருக்கவில்லை. இனத்துவேஷம், யுத்த வெறி, தலைமைகளின் தவறு என்பவையே காரணம் என்று அது முடிவு சொன்னது. செனட்டில் மட்சுனாகா ஒவ்வோர் உறுப்பினராகப் பேசிப் பேசி ஆதரவு திரட்டினார். 1988 ஓகஸ்ட் 10இல் ஜனாதிபதி ரீகன் சட்டத்தில் ஒப்பமிட்டார். உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் அரசின் மன்னிப்பும் 20,000 டொலரும் கிடைத்தன. 80,000க்கும் மேற்பட்டோர் பெற்றனர். இனூயேயோ மட்சுனாகாவோ அந்த முகாம்களில் இருந்தவர்கள் அல்லர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த 20,000 டொலர் யுத்தத்துக்குப் போனவருக்கென்று கொடுக்கப்படவில்லை. கிழவிக்கும் கிடைத்தது, அன்று கைக்குழந்தையாக இருந்தவருக்கும் கிடைத்தது. குடும்பத்தை விடுவிக்காமல் படைக்கு வரமாட்டோம் என்று மறுத்துச் சிறை சென்றவர்களும் விலக்கப்படவில்லை. விசுவாசத்தை இரத்தத்தால் நிரூபித்தவர்களே, அப்படி நிரூபிக்க வேண்டிய கடமை எந்தப் பிரஜைக்கும் இல்லை என்பதைச் சட்டமாக எழுத வைத்தார்கள். 'நீ யாருடைய ஆள்?' என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் பழகிய நமக்கு இதன் பெறுமதி விளங்கும்.

ஆனாலும் சட்டம் ஒருமுறை எழுதினால் தீர்ந்துபோகிற காரியமல்ல. 2018இல், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஐந்து நாடுகள் உட்பட ஏழு நாடுகள் மீதான ட்ரம்பின் பயணத் தடையை எதிர்த்து ஒரு மாநிலம் உயர் நீதிமன்றம் வரை போனது. அது ஹவாய். அதன் பக்கத்தில் மனுதாரராக அத்தீவின் இமாம் ஒருவரும் நின்றார். கொரமட்சு தீர்ப்பு அன்றே பிழையானது என்று பிரதம நீதியரசர் அந்த வழக்கிலேதான் எழுதினார். அதே தீர்ப்பில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், பயணத் தடை செல்லும் என்றும் சொல்லப்பட்டது. பழைய அநியாயத்தை ஒத்துக்கொள்ள நீதிமன்றத்துக்கு எழுபத்துநான்கு வருடம் எடுத்திருக்கிறது. புதியதைக் கேள்வி கேட்க, சட்டம் படித்த பிள்ளைகள் ஒவ்வொரு தலைமுறையிலும் தேவைப்படுகிறார்கள்.