மதமாற்றத் தடைச் சட்டம் (தமிழ்நாடு, 2002)

அச்சுறுத்தியோ ஆசை காட்டியோ ஏமாற்றியோ ஒருவரை மதம் மாற்றுவதைக் குற்றமாக்கிய மாநிலச் சட்டம். முழுப்பெயர் தமிழ்நாடு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம், 2002. ஜெ. ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது 2002 அக்டோபர் 5 அன்று அவசரச் சட்டமாக வந்தது. அதே மாதம் 31ஆம் தேதி சட்டப்பேரவையில் நிறைவேறியது. 2004 மே மாதம் திரும்பப் பெறப்பட்டது. இருபது மாதம்கூட நீடிக்காத சட்டம்தான். ஆனால் ஓர் அரசு குடிமக்களின் சாமி விஷயத்தில் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்ற பழைய வழக்கு தமிழ்நாட்டில் இவ்வளவு வெளிப்படையாக வேறெப்போதும் நடந்ததில்லை.

மன்னனின் மதம்

மன்னன் மாறினால் நாடு மாறும் என்ற நம்பிக்கையைத் தமிழ்ச் சமய வரலாறு நெடுகப் பார்க்கலாம். சமணனாக இருந்த மகேந்திரவர்ம பல்லவனை அப்பர் சைவத்துக்குத் திருப்பியதாகவும், கூன்பாண்டியனைச் சம்பந்தர் திருப்பியதாகவும் சைவ மரபு சொல்கிறது. பாண்டியன் மாறியபின் மதுரையில் சமணர் எண்ணாயிரம் பேர் கழுவேறினர் என்பது பெரியபுராணம் சொல்லும் கதை. அது நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒன்றுபடவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லும் மரபு இருந்தது என்பதில் ஐயமில்லை.

கொங்கு நாட்டில் அந்தக் காலத்தின் மிச்சம் இன்னும் நிற்கிறது. திருப்பூர் மண்ணரையிலிருந்து ஊத்துக்குளி சாலையைப் பிடித்துக் கிழக்கே போனால், ஊத்துக்குளி தாண்டி விஜயமங்கலம். அங்கே சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் இருக்கிறது. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரும் இந்த வட்டாரத்துச் சமணர் என்பது கொங்கு ஆய்வாளர்கள் கருத்து. பள்ளிக்கூடத்தில் நன்னூல் படித்த பலருக்கு அதை எழுதியவர் சமணர் என்பதே தெரியாது. கோயில் நிற்கிறது, இலக்கணம் நிற்கிறது, கும்பிட்ட சனம்தான் எங்கோ கரைந்துவிட்டது. ஆணையால் மாறினார்களா, காலத்தால் மாறினார்களா என்று இன்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

கம்பெனி ஆட்சியும் சொத்துரிமையும்

1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குவிதிப்படி சென்னை மாகாணக் கோயில்களின் மேற்பார்வை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கிறிஸ்தவ அதிகாரிகள் தேர்த் திருவிழாவுக்கு ஏற்பாடு செய்வதா என்று மிஷனரிகள் லண்டன் வரை முறையிட்டதால், 1840களில் கம்பெனி மெல்ல விலகியது.

தனிமனிதருக்கு நேரடியாகப் பட்ட சட்டம் 1850இல் வந்தது. அதுவரை மதம் மாறியவருக்கு வழக்கப்படி குடும்பச் சொத்தில் பங்கு இல்லை. மதத்தை விட்டாலும் சாதியிலிருந்து விலக்கப்பட்டாலும் சொத்துரிமை போகாது என்றது அந்த ஆண்டின் 21ஆம் சட்டம். இந்த எண்ணம் 1840களில் வரைவாக வந்தபோதே சென்னையில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. கஜுலு லட்சுமிநரசு செட்டியும் அவர் நடத்திய 'கிரசென்ட்' பத்திரிகையும் அதில் முன்னே நின்றார்கள். மிஷனரிகளுக்கு ஆள் சேர்க்க அரசே வழி வெட்டிக் கொடுக்கிறது என்பது அவர்கள் வாதம். மாற நினைத்த மகனின் உரிமையா, குடும்பத்தின் நம்பிக்கையா என்ற கேள்வி அன்றே வந்துவிட்டது. 2002இல் பேசியவர்களும் ஏறக்குறைய இதையேதான் பேசினார்கள்.

அரசியலமைப்பில் ஒரு சொல்

1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் சமய உரிமைப் பிரிவு பற்றி விவாதம் நடந்தது. மதத்தைப் 'பரப்பும்' உரிமை என்ற சொல் இருக்கலாமா என்பதில்தான் சண்டை. ஒரிசாவின் லோகநாத் மிஸ்ரா வேண்டாம் என்றார். வேண்டும் என்று பேசியவர்களில் சென்னையின் டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்தும் தன்னை யாரும் மாற்ற முயலவில்லை என்று தன் அனுபவத்தையே சாட்சியாக வைத்தார். அந்தச் சொல் 25ஆம் பிரிவில் இடம்பெற்றது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்ற நிபந்தனையும் உடன் வந்தது.

ஆனால் 1950இல் குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதியினர் ஆணை வேறொரு வழியில் மதமாற்றத்துக்கு விலை வைத்தது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது அது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவரானவருக்கும் முஸ்லிமானவருக்கும் இன்றும் திறக்கவில்லை. சேரியில் அதே வீடு, அதே தெரு, ஊர்க்காரர் பார்க்கும் அதே பார்வை. சான்றிதழ் மட்டும் மாறிவிடும். தண்டனை என்ற சொல் இல்லாமலே தண்டிக்கும் ஏற்பாடு இது என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு.

தடைச் சட்டங்களின் பிறப்பு

மதமாற்றத்தைத் தடுக்கும் சட்டங்கள் முதலில் சுதேச சமஸ்தானங்களில் தோன்றின: ராய்கர் (1936), சர்குஜா (1940களில்), உதய்ப்பூர் (1946). சுதந்திரத்துக்குப்பின் ஒரிசா 1967இலும் மத்தியப் பிரதேசம் 1968இலும் இயற்றின. இரண்டுக்குமே 'மத சுதந்திரச் சட்டம்' என்றுதான் பெயர். ஒரிசாச் சட்டத்தை அம்மாநில உயர் நீதிமன்றம் 1972இல் ரத்து செய்தது. மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் தன் மாநிலச் சட்டம் செல்லும் என்றது. 1977 ஜனவரியில் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் செல்லும் என்று முடித்தது. பரப்பும் உரிமை என்பது பிறரை மாற்றும் உரிமை ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். மாற்றுகிறவரின் உரிமை பற்றி நீதிமன்றம் நிறையப் பேசியது. மாறுகிறவரின் உரிமை பற்றிய பேச்சு தீர்ப்பில் சொற்பம். பின்னால் வந்த எல்லாச் சட்டங்களும் அந்த இடைவெளியில்தான் வளர்ந்தன.

மீனாட்சிபுரம், மண்டைக்காடு

1981 பிப்ரவரி 19 அன்று அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் மீனாட்சிபுரத்தில் சுமார் 180 பட்டியல் சாதிக் குடும்பங்கள் இஸ்லாத்தில் சேர்ந்தன. செய்தி தில்லி வரை அதிர்ந்தது. வளைகுடாப் பணம் என்றார்கள் ஒரு சாரார். ஆதிக்கச் சாதியாரின் கெடுபிடியும் போலீஸ் தொல்லையும் தாங்காமல் மாறினோம் என்றார்கள் மாறியவர்கள். தலைவர்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். அதற்கு முன் அந்த ஊருக்கு யாரும் அப்படி வந்ததில்லை.

மறு ஆண்டு கன்னியாகுமரி மாவட்டம் மண்டைக்காட்டில் இந்து–கிறிஸ்தவக் கலவரம். விசாரித்த நீதிபதி வேணுகோபால் ஆணையம் கட்டாய மதமாற்றத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. எம்.ஜி.ஆரும் அவருக்குப் பின் வந்தவர்களும் அதைக் கையில் எடுக்கவில்லை.

2002ஆம் ஆண்டுச் சட்டம்

சட்டம் சின்னதுதான். பலவந்தம், ஆசைகாட்டல், மோசடி என்ற மூன்று சொற்களின் மேல் நின்றது. அவற்றின் விளக்கம்தான் வம்பு. பலவந்தம் என்பதில் அடி உதை மட்டுமல்ல, தெய்வக் கோபம் வரும் என்று பயமுறுத்துவதும் சேர்ந்தது. நரகம் பற்றிப் பேசாத பிரசங்கியார் உண்டா? 'சாமி குத்தம்' என்று எச்சரிக்காத பூசாரி உண்டா? ஆசைகாட்டல் என்பதில் பணமாகவோ பொருளாகவோ தரும் எந்தப் பரிசும் அடங்கும். மிஷன் பள்ளிக்கூடத்தின் இலவசச் சீருடையும் மதிய உணவும் இதற்குள் வருமா வராதா என்று சட்டத்தைப் படித்துச் சொல்ல முடியாது.

தண்டனை மூன்றாண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். மாற்றப்பட்டவர் சிறுவராகவோ பெண்ணாகவோ பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவோ இருந்தால் நான்காண்டு, ஒரு லட்சம். பெண்ணும் பட்டியல் சாதியினரும் சிறுவர்களோடு ஒரே வரியில் வைக்கப்பட்டார்கள். தம் நம்பிக்கையைத் தாமே தீர்மானிக்கும் அறிவு இவர்களுக்குக் குறைவு என்று அரசு எழுதியே கொடுத்தது என்று எதிர்ப்பாளர்கள் சொன்னது இந்த வரியை வைத்துத்தான். சடங்கை நடத்தியவர் மாவட்ட நடுவரான ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்; தவறினால் ஓராண்டு வரை சிறை. ஆக, ஒருவர் ஞானஸ்நானம் எடுத்த செய்தி ஆட்சியர் அலுவலகக் கோப்பில் ஏறும்.

ஆதரவாளர்கள் தரப்பிலும் நியாயம் இருந்தது. கட்டாயமாக மாற்றுவதைத்தானே தடுக்கிறோம், விரும்பி மாறுகிறவருக்கு என்ன நட்டம் என்பது அவர்கள் கேள்வி. ஏழைகளின் இல்லாமையை யாரும் விலைபேசக் கூடாது என்ற கவலை பொய்யல்ல. பா.ஜ.க. வரவேற்றது. தி.மு.க., காங்கிரஸ், இடதுசாரிகள், பா.ம.க. எதிர்த்தன. அப்போது தி.மு.க. மத்தியில் பா.ஜ.க. கூட்டணி அரசில் பங்காளியாக இருந்தது என்பது இந்தக் கதையின் வேடிக்கைகளில் ஒன்று. 2003 ஜூனில் போப் இரண்டாம் ஜான்பால் இந்திய ஆயர்களிடம் இத்தகைய சட்டங்களைக் குறைகூற, அதைச் சொல்ல அவருக்கு உரிமையில்லை என்று ஜெயலலிதா பதிலடி கொடுத்தார்.

கிடா வெட்டு

மதமாற்றத் தடை சிறுபான்மையினர் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்த ஊர்களுக்கு 2003 ஆகஸ்டில் இன்னொரு உத்தரவு வந்தது. 1950ஆம் ஆண்டின் விலங்கு, பறவை பலியிடல் தடைச் சட்டம் அரை நூற்றாண்டாக ஏட்டில் தூங்கியது. அதைக் கண்டிப்பாக நிறைவேற்றும்படி ஆட்சியர்களுக்கு அரசு சொன்னது.

கொங்குப் பகுதியில் இது அடுப்படி வரை வந்த தடை. பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துக் குலதெய்வக் கோயிலுக்குப் போய்க் கிடா வெட்டி, பங்காளிகளுக்குச் சோறு போடுவது திருப்பூர்க் குடும்பங்களுக்குப் பழகிய வழக்கம். கருப்பராயனுக்கும் முனியப்பனுக்கும் நேர்ந்துவிட்ட கிடாயின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது, கிடாயும் ஒப்புக்கொண்டது என்று பொருள். சிலுப்பாவிட்டால் மறுபடி தண்ணீர், மறுபடி காத்திருப்பு, பெரியவர் ஒருவர் குறை என்ன என்று சாமியிடம் கேட்பார். கிடாயிடம்கூடச் சம்மதம் கேட்கிற ஊரில், மதம் மாறுகிறவரின் சம்மதத்துக்குச் சட்டம் அவ்வளவு மதிப்புக் கொடுக்கவில்லை.

இந்து மதத்தைக் காப்பதாகச் சொன்ன அதே ஆட்சி, பெரும்பாலான இந்துக்களின் வழிபாட்டையே குற்றமாக்கியது எப்படி என்று நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்களும் பகுத்தறிவு இயக்கத்தவரும் ஒரே குரலில் கேட்டார்கள். சைவப் பொங்கல் வைக்கும் பெருந்தெய்வ வழிபாடு உயர்ந்தது, ரத்தம் கேட்கும் சிறுதெய்வ வழிபாடு தாழ்ந்தது என்ற எண்ணம் ஆணையாக வந்தால் எப்படி இருக்கும் என்பது அந்தச் சில மாதங்களில் ஊருக்குத் தெரிந்தது. மக்களவைத் தேர்தல் நெருங்கிய 2004 பிப்ரவரியில் பலித் தடைச் சட்டம் நீக்கப்பட்டது.

திரும்பப் பெறுதல்

கிடா வெட்டுக்கு வழி விட்டதால் மட்டும் தேர்தல் கைகூடவில்லை. 2004 மே மாதம் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் அ.தி.மு.க.–பா.ஜ.க. கூட்டணி தோற்றது. மே 18 அன்று ஜெயலலிதா வரிசையாகப் பல முடிவுகளைத் திரும்பப் பெற்றார். விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் திரும்பி வந்த அதே அறிவிப்பில் மதமாற்றத் தடைச் சட்டமும் போனது. நீதிமன்றத்தில் வாதிட்டு விழுந்த சட்டமல்ல இது. வாக்குப்பெட்டியில் விழுந்தது. அதனால்தான் இந்தச் சட்டம் எழுப்பிய கேள்விகளுக்குத் தமிழ்நாட்டில் தீர்ப்பு கிடைக்கவில்லை.

பிற மாநிலங்கள்

தமிழ்நாட்டுக்குப் பின் மற்றவர்களும் இதே சுமையைத் தூக்கிக்கொண்டார்கள். குஜராத் (2003), இமாச்சலப் பிரதேசம் (2006), ஜார்க்கண்ட் (2017), உத்தராகண்ட் (2018), உத்தரப் பிரதேசம் (2021) என்று பட்டியல் நீண்டது. முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற இமாச்சலச் சட்டத்தின் நிபந்தனையை அம்மாநில உயர் நீதிமன்றம் 2012இல் ரத்து செய்தது. தன் நம்பிக்கையை வெளியே சொல்லாமல் இருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்றது. 2018இல் ஹாதியா வழக்கு. சேலத்தில் ஹோமியோபதி படித்தபோது இஸ்லாத்தைத் தழுவிய கேரளப் பெண்ணின் திருமணத்தை ரத்து செய்த உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் தள்ளியது. வயது வந்தவரின் மதமும் துணையும் அவர் தேர்வு என்றது. ஆனாலும் உத்தரப் பிரதேசம் 2024இல் தன் சட்டத்தைத் திருத்தி, சில குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை வரை ஏற்றியது.

இதனால் மண்ணரை போன்ற ஊர்களில் ஒரு விசித்திர நிலைமை. லைன் வீடுகளில் ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் தங்கியிருக்கிறார்கள். ஒரே ஓவர்லாக் மெஷின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மூவரில் ஒடிசாக்காரர் சொந்த ஊரில் மதம் மாறினால், 1989ஆம் ஆண்டு விதிகளின்படி நடுவர் முன் உறுதிமொழி தர வேண்டும். உத்தரப் பிரதேசக்காரர் ஊரில் மாறினால் முன்கூட்டியே ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். மூன்றாமவர் உள்ளூர்க்காரர். அவர் யாருக்கும் எதையும் தெரிவிக்கத் தேவையில்லை.

இன்றைய நிலை

தமிழ்நாட்டில் இப்போது மதமாற்றத்துக்கென்று தனித் தடைச் சட்டம் இல்லை. ஆனால் தடைகள் இல்லை என்று சொல்ல முடியாது. இந்துத் திருமணச் சட்டத்தின்படி துணைவர் மதம் மாறியது மணமுறிவுக்குக் காரணமாகும். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, மதம் மாறியபின் பிறந்த பிள்ளைகள், வாரிசுரிமை எழும்போது இந்துவாக இல்லாவிட்டால், இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. 1850ஆம் ஆண்டுச் சட்டம் தகப்பனுக்குக் கொடுத்தது பிள்ளைக்கு இல்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் கேட்ட பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்த உச்ச நீதிமன்றம், அவர் நடைமுறையில் கிறிஸ்தவராக வாழ்கிறார் என்பதைக் காரணமாகச் சொன்னது. மாறியவரின் நம்பிக்கையை இன்று விசாரிக்கும் இடம் ஆட்சியர் அலுவலகக் கோப்பு அல்ல. சாதிச் சான்றிதழுக்காக அவர் போய் நிற்கும் வட்டாட்சியர் அலுவலகம்தான்.